இருபத்தேழு பேர் சொன்ன ‘நல்லம்’

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாமான்களை எண்ணினேன். மடிக்கணினி, படம் காட்டும் கருவி, ஒலிபெருக்கி, துணிப்பை, மருந்துப் பை. ஐந்தும் இருந்தன. ஓட்டோவில் ஏற்றிய பிறகு மறுபடி எண்ணினேன். ஓட்டோக்காரர் ஜெயசீலன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “சரியா வந்துட்டா ஐயா?” என்று கேட்டார். சரியாக வந்துவிட்டது என்றேன். “அப்ப ஏறுங்க, நீங்கதான் மிச்சம்” என்றார்.

என் மகள்வழிப் பேத்தி தாரணி சென்னையில் சினிமா படிக்கிறாள். படிப்பு முடிய ஓர் ஆவணப்படம் எடுத்துத் தர வேண்டும். அவள் இந்த மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்து, பெரியகல்லாற்றில் நண்டும் இறாலும் விற்கும் யோகேஸ்வரி என்ற விதவைப் பெண்ணைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். ஒப்படைக்கும் முன்பு படத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, அவர்கள் எண்ணத்தைக் கேட்டு அறிக்கை எழுத வேண்டும் என்பது அவர்கள் வகுப்பின் விதி. அந்த வேலைக்குக் கிளம்பும் வாரத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள்.

மற்ற பிள்ளைகள் விடுதித் தோழர்கள் பத்துப் பேருக்குக் காட்டி அறிக்கையை முடித்துவிடுகிறார்களாம். தாரணியும் அப்படியே செய்யப் பார்த்தாள். நான் விடவில்லை. புள்ளிவிவரத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சை மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு முழங்கால் தேய்ந்தவன். படம் எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரில் கேட்காமல் என்ன ஆய்வு என்றேன். “அப்ப நீங்களே போயிட்டு வாங்க தாத்தா” என்றாள் விளையாட்டாக. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். முதலில் யோகேஸ்வரி அக்காவுக்குக் காட்டுங்கள், பிறகு மற்றவர்களுக்கு. நான் மறுத்துவிட்டேன். சம்பந்தப்பட்டவர் முதலில் பார்த்தால் அவர் சொல்வதையே ஊரும் சொல்லும். அறியாதவர்கள் முதலில், அறிந்தவர்கள் பிறகு. முறை என்று ஒன்று இருக்கிறது.

தங்கிய அறையில் கொசுவலையில் ஒன்பது ஓட்டைகள் இருந்தன. ஒன்பதையும் நூலால் முடிந்தேன். காலையில் பிட்டும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. எங்கள் கும்பகோணத்தில் காலையில் மீன் என்றால் பாதித் தெரு முகம் சுளிக்கும். இங்கே மீன் இல்லாவிட்டால்தான் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. பிட்டு தொண்டையில் அடைக்குமோ என்று பயந்து ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தேன். பரிமாறிய அம்மா, குழம்பு எதற்கு ஊற்றியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் முதலில் காத்தான்குடி. நடுவீதியில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள் நட்டிருக்கிறார்கள். எண்ணத் தொடங்கினேன். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹாரனில் கணக்கு அறுந்துபோனது. தொழுகை நாள் என்பதால் கடைகள் மூடியிருந்தன. அங்கே மறுநாள் வருவதாக ஏற்பாடு. நாங்கள் நேரே குருக்கள்மடம் போனோம்.

குருக்கள்மடம் வாசிகசாலை முற்றத்தில் படம் காட்டினேன். திரையாக என் வேட்டியைத்தான் கட்டினோம். எட்டு முழம். நல்லவேளை, மாற்று வேட்டி இரண்டு இருந்தன. பொழுது சாய்ந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் பதினொன்று, பெண்கள் பதினாறு, ஆக இருபத்தேழு. குழந்தைகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்வதில்லை.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. வேண்டிய அளவு பார்த்தாயிற்று. அந்தப் படத்தில் எத்தனை தோணி, எத்தனை கொக்கு, யோகேஸ்வரியின் வீட்டில் எத்தனை ஜன்னல் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். தோணி ஏழு. ஜன்னல் நான்கு. நான் பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நண்டு கூடையிலிருந்து தப்பி ஓடும் இடத்தில் சிரித்தார்கள். யோகேஸ்வரி பஸ் நடத்துநருடன் வாதாடும் இடத்தில் இன்னும் சிரித்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது.

அந்த இடத்தில் யோகேஸ்வரியின் வீடு முழுதாகத் தெரியும். பின்னால் வாவி. தாரணியின் குரல் சொல்லும்: “கணவர் விட்டுச்சென்ற இந்த வீட்டில், புகுந்த இடத்தின் நினைவுகளோடு, யோகேஸ்வரி தன் மகளுடன் தனித்திருக்கிறார்.” படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த வரி அது. கேட்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

இங்கே யாருக்கும் கலங்கவில்லை. தலைகள் திரும்பின. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திரும்பின. பெண்கள் பக்கத்தில் பதினாறில் பதினான்கு தலைகள். ஆண்கள் பக்கத்தில் ஆறு. ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படம் முடியும் முன்னே போய்விட்டார். “பாதியில் எழுந்தவர்: ஒன்று” என்று குறித்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் கேள்வித்தாளைக் கொடுத்தேன். படம் எப்படி? நல்லம். கதை புரிந்ததா? ஓம், நல்லம். குறை ஏதும் உண்டா? ஒண்டுமில்லை, நல்லம். எழுந்து போன அம்மாவின் தாளைக்கூட அவர் பக்கத்தில் இருந்தவர் நிரப்பித் தந்தார். அதிலும் நல்லம். இருபத்தேழுக்கு இருபத்தேழு. என் அனுபவத்தில் எல்லாரும் ஒரே பதில் சொன்னால் இரண்டில் ஒன்று. கேள்வி தவறு, அல்லது கேட்பவன் விருந்தாளி.

வீடு வரும் இடத்தில் என்ன பேசினீர்கள் என்று வாசிகசாலைத் தலைவரிடம் கேட்டேன். சும்மாதான், வீடு நல்ல வீடு என்று கதைத்தார்கள் என்றார். ஜெயசீலனிடம் கேட்டேன். அவர் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தான் சர்ச்சில் பாட்டுப் படிக்கிறவன், படத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. கொசு காரணமல்ல.

சனிக்கிழமை காத்தான்குடி. துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபா தம்முடைய வீட்டு முன்கூடத்தில் இடம் தந்திருந்தார். படப்பிடிப்பின்போது தாரணி அவர் கடையில் வெள்ளைத் துணி வாங்கிய பழக்கம். பெரிய வீடு. வழவழவென்ற தரை. வழுக்கிவிடுமோ என்று சுவரோரமாகவே நடந்தேன். வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் முட்டையும் சேர்த்து அவித்தது. எனக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னேன். “இது சீனி இல்ல ஐயா, கருப்பட்டி” என்றார் ஹனீபா. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அருமையான வீடு கட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டினேன். “கட்டினது நானில்ல. இது என்ட மனுசிட வீடு” என்றார். தன்னடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஆண்கள் ஆறு பேர். உள்வாசலில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் பெண்கள் இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. “சீலைக்குப் பின்னால் சிலர்” என்று எந்த அறிக்கையில் எழுதுவது?

நண்டு ஓடியது. சிரித்தார்கள். நடத்துநர் வந்தார். சிரித்தார்கள். வீடு வந்தது. “கணவர் விட்டுச்சென்ற இந்த வீட்டில்” என்று தாரணியின் குரல் தொடங்கியதும், ஆறு ஆண்களும் ஒரே நேரத்தில் ஹனீபாவைப் பார்த்தார்கள். சீலைக்குப் பின்னால் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது.

நான் படத்தை நிறுத்தினேன். இனிமேல் நல்லம் என்று யாராவது சொன்னால் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன், எதற்காகச் சிரித்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றேன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சீலைக்குப் பின்னாலிருந்துதான் பதில் வந்தது. வயதான குரல். ஹனீபாவின் மாமியார் என்று பிறகு அறிந்தேன்.

“ஐயாட ஊரில ஆம்புளைக்கா வீடு குடுப்பாங்க?”

ஆமாம், எங்கள் ஊரில் வீடு மகனுக்குத்தான், பெண் கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போவாள் என்றேன்.

“அந்தப் புள்ள பாவம்” என்றது குரல். உள்ளே பலர் ஆமோதித்தார்கள்.

பிறகு ஹனீபா விளக்கினார். இந்தப் பக்கத்தில் முஸ்லிம் என்றாலும் தமிழர் என்றாலும் வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், அல்லது புதிதாக ஒன்று கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவான். “எனக்கும் அவவுக்கும் சண்டை வந்தா நான்தான் ஐயா பெட்டியக் கட்டணும். அவ எங்க போற? அவட வீடு” என்றார். ஆறு பேரும் அனுபவம் உள்ளவர்களாகச் சிரித்தார்கள்.

சரி, ஒரு தகவல் பிழை, திருத்திவிடலாம் என்று தாளில் எழுதப் போனேன். சீலைக்குப் பின்னால் குரல் மறுபடி வந்தது. இந்த முறை அதில் சிரிப்பு இல்லை.

“அந்தப் பொம்புளைக்கு ஒரு குமர்ப் புள்ள இரிக்குதே படத்தில. வீடு தகப்பன்ட எண்டா தகப்பன்ட ஆக்களுக்கும் பங்கு வரும். அப்ப அந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற? எனக்கு ஒரு மகன் இருந்தா நான் இதத்தான் முதல்ல கேப்பன்.”

என் பேனா நின்றுவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு போன பச்சைச் சேலை நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் ஜெயசீலனை வற்புறுத்தினேன். அவர் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார். பச்சைச் சேலைக்காரர் பெயர் தவமணி. அவருடைய மகனுக்குத்தான் யோகேஸ்வரியின் மகள் மதுவைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய முடிந்த பேச்சு. பெரியகல்லாற்று வீடு மதுவுக்கு என்று சொல்லித்தான் பேசியது. இது எனக்கு ஏன் முன்பே சொல்லப்படவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேள்வித்தாளில கேக்கல்லயே ஐயா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியகல்லாற்றுக்குக் கிளம்பினோம். களுவாஞ்சிக்குடியில் பின்சக்கரம் காற்றுப் போனது. மாற்றுச் சக்கரமும் காற்றில்லாமல் இருந்தது. ஜெயசீலன் இரண்டையும் உருட்டிக்கொண்டு ஒட்டுப்போடப் போனார். நான் ஒரு கடை வாசலில் ஐந்து சாமான்களையும் சுற்றி வைத்துக்கொண்டு எருமைத் தயிர் சாப்பிட்டேன். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். எங்கள் ஊர்த் தயிரை நினைத்து வெட்கமாக இருந்தது. யோகேஸ்வரியிடம் என்ன சொல்வது என்ற யோசனையிலேயே பாதிச் சட்டியைக் காலி செய்தேன். எப்படியும் இன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒன்றும் நடக்காததுபோல் படத்தைக் காட்டிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போக எனக்கு முடியாது.

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. படத்தில் பார்த்த அதே வீட்டின் முன்னால் அதே யோகேஸ்வரி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாங்க, இரிங்க, வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்றார். நண்டுக் கறியும் சோறும் முன்விறாந்தையிலேயே வந்தன. நான் முதல் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான், தவமணி வீட்டிலிருந்து சனிக்கிழமை காலையே தொலைபேசி வந்துவிட்டது என்றார். நாள் குறிக்க வருவதாக இருந்தவர்கள் இப்போதைக்கு வரவில்லையாம். பார்ப்பம் என்றார்களாம்.

“பார்ப்பம் எண்டா இஞ்ச என்ன கருத்து தெரியுமா ஐயா? மறுகா பார்க்கவே மாட்டம் எண்டு கருத்து.”

குரலை உயர்த்தவே இல்லை. அவர் உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகள் மது கதவோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தட்டில் கறி குறைந்ததும் வந்து ஊற்றிவிட்டுப் போனாள்.

“வீடு அவர்ட எண்டு தாரணிப் புள்ளைக்கு ஆரு சொன்ன?” என்று கேட்டார் யோகேஸ்வரி.

தாரணியைத் தொலைபேசியில் கேட்டிருந்தேன். ஒரு நாள் அவர் கூரையைக் காட்டி, ஓடு போட்டது மனுசன்தான் என்று சொன்னாராம். இவள் வீட்டையே அவர் பெயருக்கு எழுதிவிட்டாள். யாரும் திருத்தவில்லை. இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை இவளுக்கு மட்டும் எதற்காகச் சொல்லப் போகிறார்கள்? எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தால் காவிரி கிழக்கே ஓடுகிறது என்று நானும் சொல்ல மாட்டேன்.

நான் இப்போதே குருக்கள்மடம் போய்த் தவமணியிடம் பேசுகிறேன் என்றேன். யோகேஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தார். விருந்தாளி வந்து பரிந்து பேசினால், பேசச் சொல்லி அனுப்பினோம் என்று நினைப்பார்கள். அப்படியானால் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டலாமே என்றேன். அரசாங்க வேலை செய்தவனுக்குப் பத்திரத்துக்கு மேல் யோசனை போகாது.

“உறுதியத் தூக்கிக்கொண்டு மாப்பிள வீட்ட போறதா? அது பொய் சொன்ன ஆக்கள் செய்ற வேல. நான் என்ன பொய் சொன்னனான்? பொய் சொன்னது உங்கட படம். படம் சொன்னத படமே மாத்திச் சொல்லட்டும். அதே முற்றத்தில, அதே ஆக்களுக்கு முன்னால.”

சரி என்றேன். சொன்ன பிறகுதான் இரண்டு தடைகள் நினைவுக்கு வந்தன. படத்தை வெட்டி ஒட்ட எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் தாரணி படத்தை ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

தாரணியைக் கூப்பிட்டேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். அதைத்தான் எங்கள் ஆசிரியர் பாராட்டினார், தனிமைதான் படத்தின் உயிர் என்றார், அதை எடுத்தால் என் படமே வேறாகிவிடும் என்றாள். அழுகிறாளோ என்று பயமாக இருந்தது. ஆகட்டும் என்றேன்.

“தாத்தா, மார்க்கு போயிடும்.”

“போகட்டும். இங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் போகிறது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, “அக்காவையே பேசச் சொல்லுங்க. போனைக் குறுக்கா பிடிங்க, நெடுக்கா பிடிக்காதீங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்றாள். என் பேத்திதான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை என் கை ஆடியது. இரண்டாவது தடவை ஒரு சேவல் கூவியது. மூன்றாவது தடவை யோகேஸ்வரி கேமராவை மறந்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அதையே அனுப்பினோம். வீட்டருகில் தொடர்பு கிடைக்காததால் நானும் ஜெயசீலனும் வாவிக்கரைப் பாலம் வரை போய், கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர், அங்கே நிற்க வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள், தொடர்பு நன்றாக இருக்கும் என்று தோணியிலிருந்தபடியே வழி சொன்னார்.

திங்கட்கிழமை முழுதும் காத்திருந்தேன். கல்லடிப் பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணினேன். போகும்போது ஒரு கணக்கு வந்தது, வரும்போது வேறு கணக்கு. இப்படி எனக்கு நேர்ந்ததில்லை. சாயங்காலம் தாரணியிடமிருந்து புதிய படம் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை குருக்கள்மடத்தில் வீடு வீடாகப் போனேன். அன்று பார்த்த அதே இருபத்தேழு பேரும் வேண்டும் என்றேன். பார்த்த படத்தை மறுபடி எதற்குப் பார்ப்பது என்றார்கள். முதல் படத்தில் பிழை இருக்கிறது, திருத்திக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒருவர், “அப்பவே நெனச்சம், சொன்னா மனம் நோகுமே எண்டு விட்ட” என்றார். பாயாசம் ஊற்றினார்கள். ஆறு வீட்டில் ஆறு தேநீர். சர்க்கரையைப் பற்றி நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

இருபத்தாறு பேர் ஒப்புக்கொண்டார்கள். கடைசி வீடு தவமணியுடையது. வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடக்கிறது, வர முடியாது என்றார். நீங்கள் ஒருவர்தான் பாதியில் எழுந்தவர், நீங்கள் வராவிட்டால் என் கணக்கு நிற்காது என்றேன்.

“பாதி பாத்தாச்சி. மத்தப் பாதியில என்ன எண்டு நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

“ஏன்?”

சொன்னால் நான் சொன்னதாக ஆகிவிடும் என்றேன். அவர் நெல்லைத் துழாவியபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கிழவன் லேசில் போகமாட்டான் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த வெயிலில் நின்றேன். கடைசியில், “நெல்லை அள்ளி வச்சிட்டு வாறன். போங்க” என்றார்.

பொழுது சாய்ந்தது. மறுபடி என் வேட்டி. மறுபடி எண்ணினேன். இருபத்தேழு. அதற்குப் பிறகு இருவர் வந்தார்கள். யோகேஸ்வரியும் மதுவும் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். சம்பந்தம் பேசும் ஊருக்கு அழைக்காமல் வரலாமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. யோகேஸ்வரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “நான் ஆர்ட வீட்டயும் போகல்ல. வாசிகசாலைக்கு வாறதுக்கு அழைப்பு என்னத்துக்கு?” என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். தவமணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கழுத்து விறைத்தது.

நண்டு ஓடியது. இரண்டாவது தடவையும் சிரித்தார்கள். நடத்துநர் வந்து போனார். வீடு வந்தது. தாரணியின் குரல் வரவில்லை. யோகேஸ்வரியின் குரல் வந்தது.

“இது எங்கட அம்மா எனக்குத் தந்த வீடு. அம்மாவுக்கு அவட அம்மா தந்த வளவு. அவர் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்தவர். நல்ல மனுசன். ஓலைக் கூரைய மாத்தி ஓடு போட்டது அவர்தான். இனி இது மதுவுக்கு. நான் பின்னுக்கு ஒரு அறையப் போட்டுக்கொண்டு இருப்பன். வாவிக் காத்து வரும், எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேணாம்.”

நான் தலைகளைப் பார்த்தேன். திரும்பிய தலை ஒன்றுகூட இல்லை. இருபத்தேழும் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. படத்தில் இப்போது தனிமை இல்லை. ஒரு வீட்டுக்காரி இருந்தார். ஆசிரியர் என்ன மதிப்பெண் போடுவாரோ, எனக்கு இந்தப் படம்தான் சரியாகப் பட்டது.

“ஐயா, ஒருக்கா நிப்பாட்டுங்க.”

தவமணியின் குரல். நிறுத்தினேன். அவர் எழுந்தார். பாயைச் சுருட்டவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். என் வேட்டியில் யோகேஸ்வரியின் வீடு லேசாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கூரை ஓடுகளைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“நாலு யன்னல்தானா?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

என்னைக் கேட்டதாகவே நினைத்து, நான்குதான், பலமுறை எண்ணியிருக்கிறேன் என்றேன்.

“அஞ்சு” என்றது கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து யோகேஸ்வரியின் குரல். “குசினிக்குள்ள, அடுப்புக்கு மேல ஒண்டு இரிக்கு. அது படத்தில தெரியாது. வந்து பாருங்க மச்சாள்.”

தவமணி திரும்பினார். பெண்கள் வரிசை அவர்கள் இருவருக்கும் நடுவில் தானாக விலகியது. மது தலையைக் குனிந்துகொண்டாள்.

“வியாழக்கிழமை வாறம்” என்றார் தவமணி. “மகனையும் கூட்டிக்கொண்டு.” பிறகு என்னிடம், “நிண்டுபோன படத்தப் போடுங்க ஐயா, மிச்சத்தையும் பாப்பம்” என்று சொல்லிவிட்டுத் தன் பாயில் போய் உட்கார்ந்தார்.

அன்று நான் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. அறைக்குத் திரும்பி அறிக்கையில் வீட்டைப் பற்றிய குறிப்பை எடுத்தேன். ஜன்னல் நான்கு என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். கண்ணால் பார்க்காத ஒன்றை நான் கணக்கில் சேர்த்தது அதுவே முதல் தடவை.